பலெர்மோவில் ஒரு கோடை

உரோமையில் மேற்படிப்புப் படிக்கும் மாணவக் குருக்களுக்குக் கோடை விடுமுறை முழு ஓய்வுக்காலம் அன்று. ஜூன் மாதத்தில் தேர்வுகள் முடிந்ததும், இத்தாலியப் பங்குத்தந்தையர் விடுப்பில் செல்லும் பங்குகளுக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குருக்கள் அனுப்பப்படுவார்கள். திருப்பலி நிறைவேற்ற வேண்டும். நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். அடக்கச் சடங்குகளை நடத்த வேண்டும். உணவும் தங்குமிடமும் கிடைக்கும். அடுத்த ஆண்டுக்கான நூல்கள் வாங்கச் சிறு தொகையும் கையில் சேரும். 1998-ஆம் ஆண்டுக் கோடையில் எனக்குக் கிடைத்த இடம் சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோ. அப்போது நான் குருவாகி ஈராண்டு. உரோமைக்கு வந்து பத்து மாதம்.

வட இத்தாலியைச் சேர்ந்த வகுப்புத் தோழர் ஒருவர் இதைக் கேட்டதும் சிரித்தார். உரோமைக்குத் தெற்கே ஆப்பிரிக்கா தொடங்கிவிடுகிறது என்பது அங்கே வழங்கும் கேலிப் பேச்சு. ஆப்பிரிக்கக் குருக்கள் இருவர் உடன் அமர்ந்திருந்த உணவு மேசையில் அவர் அதைச் சொன்னார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

உரோமையிலிருந்து இரவு வண்டி. விடியற்காலையில் இத்தாலிய நிலப்பரப்பின் முனையை அடைந்ததும் வண்டி நின்றது. பயணிகள் இறங்கிக் கப்பலேற வேண்டியிருக்கும் என்றெண்ணிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். எதிரே இருந்த முதியவர் உட்காரும்படி கைகாட்டினார். வண்டியைப் பிரித்து, பெட்டி பெட்டியாகக் கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தின் மீதே தள்ளி ஏற்றினார்கள். மெசினா நீரிணை குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். சிவகங்கைச் சீமையில் பிறந்த எனக்கு என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அவர் போட் மெயிலில் தனுஷ்கோடி சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, தேயிலை மலைக்குப் போனவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அவர் சொன்ன கதைகள் மட்டும் எங்கள் வீட்டில் எஞ்சின. நீரிணையைக் கடந்து பிழைக்கப் போன ஒருவரின் பேரன் படிக்க வந்து இன்னொரு நீரிணையைக் கடக்கிறேன் என்ற எண்ணத்தோடு கப்பலின் மேல்தளத்தில் நின்றேன்.

ஐரோப்பா என்றால் ஒழுங்கும் அமைதியும் என்று குருமடத்தில் நாங்கள் மனத்தில் தீட்டி வைத்திருந்த படத்தை உரோமை நகரம் ஓரளவு கலைத்திருந்தது. மிச்சத்தைப் பலெர்மோ கலைத்தது. குறுகிய சந்துகள், மாடத்துக்கு மாடம் கயிறு கட்டிக் காயும் துணிகள், பல்லாரோ சந்தையில் தொண்டை கிழியக் கூவி விற்கும் வணிகர்கள். அங்கே கடலைமாவைக் காய்ச்சித் துண்டுகளாக்கி எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பானெல்லே என்பது அதன் பெயர். முதல் கடியிலேயே எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டேன். பங்கில் மூதாட்டியர் என்னைக் கண்டதும் சொல்லும் சிசிலிய வாழ்த்துரை முதலில் புரியவில்லை. 'சபினிரிக்கா' என்பார்கள். 'எனக்கு ஆசீர் தாரும்' என்னும் பழைய மரியாதைச் சொல் தேய்ந்து அப்படி ஆயிற்றாம். 'தோத்திரம் சாமி' என்று எங்கள் ஊர்ப் பாட்டிமார் கைகூப்புவதும் இதுவும் ஒன்றே என்று கண்டுகொண்ட பிறகு, மொழி தெரியாத அச்சம் பாதி நீங்கிற்று.

பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்குப் 'பொற்கிண்ணம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் சிசிலியைக் கைப்பற்றிய அரபியர் எலுமிச்சையையும் அதற்கு வேண்டிய பாசன முறையையும் கொண்டுவந்தனர். நிலத்தடியில் கால்வாய் வெட்டி மலை நீரை நகருக்குக் கொணர்ந்தனர். தோட்டத்து நீர்த்தொட்டிக்குச் சிசிலியர் இன்றும் 'ஜெபியா' என்ற அரபுச் சொல்லையே வழங்குகின்றனர். கண்மாய் வற்றினால் ஊரே வற்றும் மண்ணிலிருந்து சென்றவனுக்கு இவை கோபுரங்களைவிடப் பெரிய அதிசயங்களாகத் தோன்றின. ஆனால் அந்தக் கிண்ணத்தில் நான் கண்டது பெரும்பாலும் கான்கிரீட் அடுக்குமாடிகளையே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மாஃபியாவும் அரசியலாரும் கட்டட ஒப்பந்தக்காரரும் கைகோத்து, எலுமிச்சைத் தோப்புகளையும் பழைய மாளிகைகளையும் அழித்தனர். பலெர்மோவின் சூறை என்றே வரலாறு அதைக் குறிக்கிறது.

மாளிகைகளும் ஆலயங்களும் பற்றி விரித்து எழுதப் போவதில்லை. பயண நூல்கள் நிறைய உள்ளன. மொன்ரேயாலே பேராலயத்தின் பொற்பதிகற்களில் வீற்றிருக்கும் கிறிஸ்துவின் கண்களுக்கு முன்னால் எவரும் சற்றே குரலைத் தாழ்த்துவர் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். என்னை நிறுத்தி வைத்தவை வேறு. பலெர்மோப் பேராலயத்தின் தென்வாயில் மண்டபத்தில் ஒரு தூண் நிற்கிறது. அதில் குர்ஆன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த இடத்தில் முன்பு ஆலயமும் பின்பு மசூதியும் இருந்தன. இன்றைய பேராலயம் 1185-ஐச் சேர்ந்தது. கட்டியவர்கள் அந்தத் தூணைச் செதுக்கி அழிக்கவில்லை. உடைத்து அடித்தளத்தில் போடவுமில்லை. இரண்டாம் ரோஜர் மன்னர் எழுப்பிய அரண்மனைச் சிற்றாலயத்திலோ சுவர்களில் கிரேக்க மரபின் பதிகல் ஓவியங்கள், மேற்கூரையில் இசுலாமியக் கலைஞரின் மரவேலை. அந்தக் கூரையை அண்ணாந்தால் அரபு எழுத்துகள் தெரியும். குருமடத்தில் 'பண்பாட்டுமயமாதல்' பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அந்தச் சொல்லை நான் அங்கே ஒரு முறையும் நினைக்கவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

பலெர்மோவில் ஈழத்தமிழர் வாழ்கின்றனர் என்பது நான் உரோமையில் கேள்விப்பட்டிருந்ததே. 1980-களில் தொடங்கி, போருக்குத் தப்பி வந்தவர்கள். பெரும்பாலோர் வீடுகளில் துப்புரவு வேலையும் முதியோரைப் பேணும் வேலையும் செய்தனர். தமிழ்க் குரு ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி இரண்டே நாளில் பரவிற்று. மூன்றாம் நாள் என் அறை வாசலில் குழல்புட்டும் மீன்குழம்பும் இருந்தன.

அவர்களுள் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் எனக்கு வழிகாட்டியாக வாய்த்தார். காலையில் ஒரு மருத்துவர் வீட்டில் தரை துடைப்பார்; மாலையில் ஓய்வு. ஊரில் பல்கலைக்கழகம் புகவிருந்தவர். அவரோடுதான் சிசா அரண்மனைக்குச் சென்றேன். நார்மானிய மன்னர்களின் கோடை மாளிகை அது. இப்போது இசுலாமியக் கலை அருங்காட்சியகம். அங்கே ஒரு கல்லறைப் பலகை உள்ளது. ரோஜர் மன்னரின் அரசவையில் பணியாற்றிய கிரிசாந்து என்னும் குரு தம் தாய் அன்னாளுக்காக 1149-இல் வைத்தது. நடுவில் பதித்த கற்களாலான சிலுவை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் எழுத்துகள்: மேலே எபிரேயம், இடப்புறம் இலத்தீன், வலப்புறம் கிரேக்கம், கீழே அரபு. நுணுகிப் பார்த்தால் எபிரேய எழுத்தில் இருப்பதும் அரபு மொழியே. அந்நாளைய பலெர்மோ யூதர் பேசியது அதைத்தான். ஒவ்வொரு பகுதியும் ஆண்டை அந்தந்த மக்களின் கணக்குப்படி குறிக்கிறது. யூதருக்குப் படைப்பிலிருந்து ஆண்டு, முஸ்லிமுக்கு ஹிஜ்ரி. தம் தாயின் இறப்பை ஊரார் எல்லாரும் தத்தம் மொழியில் படிக்க வேண்டும் என்று ஒரு மகன் விரும்பியிருக்கிறார்.

என் தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தக் கல்லின் முன் நின்றபோது அவர் உயிரோடிருந்தார். என் கடிதங்களை அடுத்த வீட்டுப் பள்ளிச் சிறுமி படித்துக் காட்டுவாள். குரு ஒருவர் தம் தாய்க்கு எழுதி வைத்த கல் என்பதே என்னை உருக்கப் போதுமாயிருந்தது. என்னோடு வந்த இளைஞர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், ஒரு கல்லில நாலு எழுத்து எழுத ஏலுமெண்டால், எங்கட நாட்டில ஒரு பலகையில ரெண்டு எழுத்து எழுத ஏலாமல் போச்சே" என்றார்.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கையில் சட்டம் வந்தபோது அவருடைய தந்தையார் அரசு எழுத்தர். 1981-இல் யாழ் நூலகம் எரிந்தபோது இவர் சிறுவன். சாம்பல் காற்றில் வீட்டு முற்றம் வரை வந்ததாம். 1983-க்குப் பின் அண்ணன் ஒருவர் காணாமற்போனார். இவற்றையெல்லாம் அந்தக் கல்லின் முன்னாலேயே, தாழ்ந்த குரலில், ஏதோ ஒப்புவிப்பது போலச் சொன்னார். காவலர் வந்து மூடும் நேரமாயிற்று என்று சொல்லும் வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.

அந்தக் கல்லைக் காட்டிச் சிசிலியின் பொற்காலம் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கல் வைத்த ஒரு நூற்றாண்டுக்குள், பேரரசர் இரண்டாம் பிரடெரிக் சிசிலி முஸ்லிம்களை இத்தாலிய நிலப்பரப்பின் லுச்சேராவுக்குக் குடிபெயர்த்தார். 1492-இல் எசுப்பானிய ஆணையால் யூதர்களும் வெளியேற்றப்பட்டனர். கல் மட்டும் மிஞ்சிற்று. என்றாலும் ஒரு முறை இது நடந்தது, ஒரு குருவின் கையால் நடந்தது என்பதையும் எவரும் மறுக்க முடியாது.

பலெர்மோவின் பாதுகாவலி புனித ரோசலியா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் உயர்குடியில் பிறந்து, துறவு பூண்டு, பெல்லெக்ரினோ மலைக் குகையில் தனித்து வாழ்ந்து இறந்தவர் என்பது மரபு. 1624-இல் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவருடைய எலும்புகள் அக்குகையில் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றை நகருக்குள் பவனியாக எடுத்துவர, நோய் நீங்கிற்று என்று மக்கள் நம்பினர். சுமார் 600 மீட்டர் உயரமுள்ள மலை. நம் வழக்கில் சொன்னால் அது ஒரு பெரிய கெபி. கெபியின் வாயிலில் ஆலய முகப்பு. உள்ளே பாறைக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது மக்கள் தலையில் விழாதபடி துத்தநாகத் தகடுகளை வளைத்துக் கால்வாய் போலத் தொங்கவிட்டுள்ளனர். அந்த நீரைப் புட்டிகளில் பிடித்துச் செல்கின்றனர். பொன்மேலாடை போர்த்தி, சாய்ந்து கிடக்கும் கன்னியின் சுரூபம் கண்ணாடிக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலைக்குத் தமிழர் வருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர், சைவரும் வருகின்றனர். செப்டம்பர் 4 திருநாளுக்கு முந்திய இரவு நகர மக்களோடு இவர்களும் பழைய கற்பாதை வழியே நடந்து ஏறுகின்றனர். சிலர் வெறுங்காலோடு. அந்த இரவு நானும் ஏறினேன். முன்னால் ஒரு நடுவயதுப் பெண்மணி, நெற்றியில் திருநீறு, தோளில் உறங்கும் குழந்தை. வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் அவரைக் கொண்டுபோய் விட்டால் எவரும் வேறுபாடு காணமாட்டார்கள். எதற்காக நேர்ச்சை என்று கேட்டேன். "இவனுக்கு மூச்சு முட்டு, சுவாமி. ஊரில எண்டால் நல்லூரானுக்கு நேர்ந்திருப்பன். இஞ்ச இவதானே இருக்கிறா. இவவும் ஊர விட்டு ஓடி வந்து மலையில இருந்தவதானே" என்றார்.

புனிதர்களின் பரிந்துரை பற்றி உரோமையில் ஒரு பருவம் முழுதும் படித்திருந்தேன். கிறிஸ்துவை அறியாதோரிலும் அருள் செயலாற்றும் விதம் பற்றிக் கார்ல் ரானர் எழுதியவற்றை இரண்டு மொழிகளில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அப்பெண்மணிக்குச் சொல்ல அவற்றில் ஒரு வரியும் வாயில் வரவில்லை. மலையுச்சியில் தமிழ்த் திருப்பலியில் நற்கருணை வாங்குவோர் வரிசையில் அவரும் வந்து நின்றார். திருநீற்றுக்கு மேலே கை வைத்து ஆசீர் அளித்தேன். குழந்தையின் தலையிலும் வைத்தேன். அவர் நிறைவோடு நகர்ந்தார். திருச்சபை ஒழுங்கின்படி அதுவே சரி. ஆனால் ஒரு குரு எத்தனை ஆண்டு படித்தாலும் இத்தகைய வரிசையில் நிற்கும் ஒருவரை முன்கூட்டிப் படித்துவிட முடியாது என்பதை அந்த வைகறையில் உணர்ந்தேன். அதன் பிறகு எழுதிய ஆய்வேட்டில் அடிக்குறிப்புகள் குறைந்துவிட்டன என்று நெறியாளர் குறைப்பட்டுக்கொண்டார்.

பிராங்காச்சோவைப் பற்றி என் பங்கில் எவரும் பேசவில்லை. நான்தான் கேட்டேன். கோவில்பிள்ளை சிறிது நேரம் மெழுகுத்திரிகளை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "நாளை மாலை போவோம்" என்றார்.

நகரின் கிழக்கு ஓரத்தில், இரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஏழைப் பகுதி அது. மாஃபியாவின் கோட்டை. அங்கே பிறந்தவரே அங்குள்ள புனித கயத்தான் ஆலயத்துக்கு 1990-இல் பங்குத்தந்தையாக வந்தார்: அருட்தந்தை ஜுசெப்பே புல்யீசி. பினோ சாமி என்பது மக்கள் வழங்கிய பெயர். அவர் செய்தவை பெருஞ்செயல்களாகத் தோன்றா. அப்பகுதியில் நடுநிலைப் பள்ளி இல்லை. வேண்டும் என்று மனுமேல் மனு எழுதினார். தெருச் சிறுவர்கள் குண்டர்களின் ஏவலாட்களாகிவிடாதிருக்க 1993 ஜனவரியில் 'எங்கள் தந்தை' என்ற பெயரில் ஒரு நிலையம் திறந்தார். திருவிழாவுக்கு மாஃபியாக்காரரின் பணத்தை வாங்க மறுத்தார். பவனியில் அவர்கள் முன்னே நடந்துவரும் வழக்கத்தையும் நிறுத்தினார். அதே ஆண்டு மே 9-ஆம் நாள் அக்ரிஜெந்தோவில், பழைய கிரேக்கக் கோவில்களின் கீழே, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிவைத்த உரையை முடித்தபின் விரல் நீட்டி, மனந்திரும்புங்கள் என்று மாஃபியாவை நோக்கி முழங்கினார். செப்டம்பர் 15 இரவு தம் வீட்டு வாசலில் பினோ சாமி சுடப்பட்டு இறந்தார். அன்று அவருடைய பிறந்த நாள், வயது 56. தம்மை நெருங்கியவர்களைப் பார்த்துப் புன்னகைத்து, இதை எதிர்பார்த்தேன் என்று அவர் சொன்னதாகக் கொலையாளியே பின்னர் வாக்குமூலம் அளித்தான். அந்தப் புன்னகை தன்னை விடாமல் தொடர்ந்தது என்றும் சொன்னான்.

நாங்கள் அந்த வாசலில் நின்றோம். சாதாரண அடுக்குமாடி வீட்டின் கதவு, பூக்கள் சில. எதிர் மாடத்தில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கோவில்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். அடுத்த தெருவில் நின்ற இரண்டு இளைஞர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். செபம் முடித்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில், "திருவிழாதான், சாமி. எல்லாம் திருவிழாவில்தான் தொடங்குகிறது" என்றார் கோவில்பிள்ளை. அப்போது எனக்கு அது முழுதும் விளங்கவில்லை. தென் இத்தாலியின் சில ஊர்களில் சுரூபத்தைத் தூக்கி வருவோர் குண்டர் தலைவனின் வீட்டு முன் நின்று, சுரூபத்தையே தலைவணங்கச் செய்வர் என்பதைப் பின்னர் அறிந்தேன். 2014 ஜூன் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கலாபிரியாவுக்குச் சென்று, மாஃபியாவினர் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தார். இரண்டு வாரம் ஆகுமுன் அதே கலாபிரியாவில் ஓர் ஊர்ப் பவனியில் அன்னையின் சுரூபம் அப்படி ஒரு வீட்டின் முன் நிறுத்தப்பட்டது.

2013 மே 25 அன்று பினோ சாமி அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். குர்ஆன் வாசகத் தூண் நிற்கும் அதே பேராலயத்துக்குள் இப்போது அவருடைய கல்லறை உள்ளது. நான் மீண்டும் பலெர்மோவுக்குப் போகவில்லை. என் தாய் 2009-இல் இறந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குத் தமிழில் மட்டும் எழுதி வைத்தோம். அந்த இளைஞர் இத்தாலியக் குடியுரிமை பெற்றுவிட்டார். கிறிஸ்து பிறப்புக்குத் தவறாமல் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் மகள் தமிழை இத்தாலிய ஓசையில் பேசுகிறாள்.

இப்போது நான் பணியாற்றும் பங்கில் தேர் பழையது, அச்சு தேய்ந்துவிட்டது. வெளியூரில் தொழில் செய்து வளம் பெற்ற ஒருவர் சென்ற ஆண்டு முழுச் செலவையும் ஏற்றுப் புதுத்தேர் செய்து தருவதாக முன்வந்தார். தேர் அவர் வீட்டு முன் நின்று முதல் மாலை பெற வேண்டும். தெற்குத் தெருவுக்குள் போக வேண்டியதில்லை. இவ்விரண்டையும் எழுத்தில் கேட்கவில்லை. நாகரிகமாகச் சொல்லி அனுப்பினார். தெற்குத் தெருவில் யார் குடியிருக்கின்றனர் என்பதை நான் எழுதாமலே வாசகர் அறிவர். பழைய தேரையே பழுதுபார்த்து எல்லாத் தெருக்களுக்கும் கொண்டுபோவோம் என்று பங்குப் பேரவையில் சொன்னேன். பலர் தலை குனிந்திருந்தனர். மூவர் எழுந்து சென்றனர். ஆயர் இல்லத்துக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று போயிற்று. ஆயர் அதை என்னிடமே கொடுத்து, ஒன்றும் கேளாமல் தேநீர் வரவழைத்தார். இங்கே எவரும் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. நம் ஊர்ச் சங்கடங்களை அந்த வாசலோடு ஒப்பிடுவது பினோ சாமிக்கு இழைக்கும் அநீதி என்பதை நான் அறிவேன். இருந்தும், இவ்வாண்டு எனக்கும் அவருடைய அந்த வயது நிறைகிறது என்பதால், கோவில்பிள்ளையின் சொல் அடிக்கடி காதில் விழுகிறது.

தச்சர் நேற்று வந்து அச்சைப் பார்த்தார். வாகை மரம் வேண்டும் என்கிறார். தெற்குத் தெரு இளைஞர்கள் மரத்துக்குத் தாங்களே பணம் திரட்டுவதாகச் சொல்லியிருக்கின்றனர். திருவிழாக் குழுவின் கூட்டம் வரும் ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின்.